வாடைக்காகப் போட்ட மருந்து

குற்றாலத்து எண்ணெய்க் குளியல் தொழிலாளர் குடியிருப்பில் வாந்திபேதி கண்டபோது நான் இத்துறைக்குப் புதியவன் அல்லன். பாளையங்கோட்டையில் வேதியியல் பட்டம் பெற்று, சென்னையில் சுகாதார ஆய்வாளர் பயிற்சியை முதல் வகுப்பில் முடித்து, தென்காசி வட்டாரத்தில் பல ஆண்டுகள் பணி செய்திருந்தேன். பட்டம் பெற்று இப்பணிக்கு வந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் அதுவரை வந்ததில்லை. சீசன் காலத்தில் குற்றாலத்துப் பொறுப்பை யாருக்கும் எளிதில் தரமாட்டார்கள். அதை எனக்குத் தந்திருந்தார்கள்.

இன்று இப்பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நீரில் குளோரின் அளவைப் பார்க்கக் கருவியும் ஆய்வகமும் இருக்கின்றன. ஆகவே மருந்து கலக்கும் முறையை நான் எழுதப்போவதில்லை. எந்தக் கருவியும் காட்டாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஓர் ஆனி மாதம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பேரருவியில் தண்ணீர் நிறைந்து விழுந்தது. இருவர் தங்க வேண்டிய அறையில் ஒரு குடும்பமே தங்கியது; இடம் கிடைக்காதவர்கள் லாட்ஜுகளின் வராந்தாவுக்கும் வாடகை கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்தை நம்பித்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அருவிக்கரைப் பாறைதான் அவர்களுடைய பணியிடம். பணியிடச் சுகாதாரம் என்றால் நாம் மில்லையும் பட்டறையையும் மட்டுமே நினைக்கிறோம். கூரையும் வாசலும் இல்லாத பணியிடம் நம் கண்ணில் படுவதில்லை.

லாட்ஜுகளுக்குப் பின்புறம், மேலகரம் போகும் பக்கமாக, ஓட்டு வீடுகள் வரிசையாக அமைந்த ஒரு காம்பவுண்டில் அவர்கள் இருந்தார்கள். முற்றத்தில் ஒரு கிணறு. மதிலுக்கு வெளியே மலைச்சரிவிலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடை.

அந்த ஆண்டு சாரல் விழாவைத் தொடங்கிவைக்க ஓர் அமைச்சர் வருவதாக இருந்தது. மேலகரத்தில் சிலருக்கு வயிற்றுப்போக்கு என்ற செய்தியும் அதே சமயத்தில் வந்தது. என் மேலதிகாரி எல்லாக் கிணறுகளுக்கும் பிளீச்சிங் பவுடர் போட உத்தரவிட்டார். உத்தரவு சரியானது. அதோடு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் சரியில்லை. "கிணற்றடியில் நின்றால் மூக்கில் ஏற வேண்டும். வாடை வராவிட்டால் வேலை நடக்கவில்லை என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள்" என்றார்.

இது அவர் ஒருவருடைய வழக்கம் அன்று. துறை முழுவதிலும் அப்போது அதுதான் நடைமுறை. பெரிய அதிகாரி காரிலிருந்து இறங்குவார், மூச்சை இழுப்பார், திருப்தியோடு தலையசைப்பார். சாலையின் இருபுறமும் அதே பவுடரால் வெள்ளைக் கோடு போட்டதும் அந்தத் தலையசைப்புக்காகத்தான்.

காம்பவுண்டுக் கிணற்றில் மருந்து போட்ட அன்று நான் செங்கோட்டையில் மீன் லாரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த அளவை நான் நிர்ணயிக்கவில்லை. மேலதிகாரி நேரில் நின்று சொல்ல, எங்கள் துப்புரவு மேஸ்திரி சங்கரன் சொன்னபடி கொட்டினார். நான் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே வாடை அடித்தது. அளவு மிகுதி என்று தெரிவித்தேன். குறைந்தால்தான் ஆபத்து, மிகுந்தால் என்ன என்று பதில் வந்தது.

சில நாள்களில், ஒரு காலைப்பொழுதில், அந்தக் காம்பவுண்டில் இசக்கிமுத்து என்ற இளைஞருக்கு வாந்திபேதி கண்டது. அண்ணன் மாடசாமியோடு சேர்ந்து தொழில் செய்தவர். செய்தி எனக்கு எட்டி, நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள் நீண்ட நேரம் நீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன. தென்காசியிலிருந்து வண்டி வரும் முன்பே உயிர் போய்விட்டது. மறுநாள் மேலும் சிலர் படுத்தார்கள். அவர்களில் மாடசாமியின் மனைவி பேச்சியம்மாளும் ஒருவர்.

மேலதிகாரி அலுவலகத்தில் என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். "கிணற்றுக்கு மருந்து போட்டாயிற்று. நானே நின்று போட்டேன். ஆகவே தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. அந்த ஆள் கள்ளச்சாராயம் குடித்திருக்கிறான் என்று பக்கத்து லாட்ஜ்காரர் சொல்கிறார். மற்றவர்களும் அப்படித்தான் இருக்கும்."

"பேச்சியம்மாளுமா?" என்று கேட்டேன்.

மேலதிகாரி அடுத்த விஷயத்துக்குப் போனார். காம்பவுண்டை ஒட்டியிருந்த பெரிய லாட்ஜின் முதலாளி தன் வேனைத் தருவதாகவும், எல்லாரையும் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும், அமைச்சர் வரும்போது அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை.

இந்த இடத்தில் உங்களை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் நமக்கு வரும் உத்தரவுகளில் பல, நோயை ஒழிப்பதற்காக அல்ல, கண்ணுக்கு மறைவாக நகர்த்துவதற்காகவே வருகின்றன. அந்தக் குடும்பங்கள் கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று வெவ்வேறு பக்கத்தவை. வாந்திபேதிக்காரர்களை வேனில் ஏற்றி ஊர் ஊராக இறக்கினால், ஒவ்வொரு ஊரின் குளத்துக்கும் கிணற்றுக்கும் நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஆவோம். படுத்திருப்பவர்கள் வழியிலேயே இறக்கவும் கூடும். குற்றாலம் மட்டும் சுத்தமாகத் தெரியும்.

நான் காம்பவுண்டுக்குப் போனபோது வேன் வாசலில் நின்றது. லாட்ஜ் முதலாளி குடை பிடித்துக்கொண்டு நின்று அவசரப்படுத்தினார்.

"ஏலே மாடசாமி, பாயச் சுருட்டிட்டு நிக்கியே, ஏறித் தொலையம்லே. ஆடியில வா. அப்போ யாரு வேண்டாங்கா?"

"ஆடி வரைக்கும் என்னத்தத் திங்க அண்ணாச்சி? தம்பிக்குக் காரியம்கூடச் செய்யல. அதுக்குள்ள வெரட்டுதிய."

"வெரட்டுதாவளாம்! ஓசியில வண்டி விட்டா வெரட்டுதாவளா?"

நான் அவர்களைக் கடந்து கிணற்றடிக்குப் போனேன். வாளி ஒரு மூலையில் குப்புறக் கிடந்தது. நிமிர்த்தினேன். உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. இத்தனை குடும்பங்கள் இருக்கும் முற்றத்தில், கிணற்று வாளிக்குள் சிலந்தி குடியிருந்தது. இவர்கள் வேறெங்கோ தண்ணீர் எடுக்கிறார்கள்; அதைக் கண்டறியும்வரை ஒருவரையும் வேனில் ஊருக்கு அனுப்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மாடசாமியை அழைத்தேன். "இந்தக் கிணற்றில் நீங்கள் தண்ணீர் எடுப்பதில்லையா?"

"இல்லய்யா. மருந்து போட்டாவள்லா, அன்னைக்கே நிப்பாட்டியாச்சு."

"ஏன்?"

அவர் இரண்டு கைகளையும் என் முன் விரித்தார். உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் தோல் வெடித்திருந்தது. "இந்தத் தண்ணியில கை கழுவுனா இப்பிடி ஆவுது. எண்ணெயத் தொட்டா காந்துது. சரி, அதப் பொறுத்துக்கிடலாம். வாடை போவ மாட்டங்கு ஐயா. அன்னைக்கு ஒரு மெட்ராஸ்காரரு, நான் தலையில கைய வச்சதும் துள்ளி எந்திச்சிட்டாரு. 'ஏம்ப்பா, கக்கூஸ் கழுவிட்டு நேரா இங்க வந்துட்டியா'ன்னு கேக்காரு. பாறையில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாவ. பொறவு எவன் எனக்குத் தலையக் குடுப்பான்?"

"குடிப்பதற்கு?"

"எல்லாத்துக்கும் ஓடைதான். மலையில இருந்துலா வருது. மூலிகைத் தண்ணி."

உள்ளே பாயில் கிடந்த பேச்சியம்மாள் குரல் கொடுத்தார். எழுந்திருக்கச் சக்தியில்லாவிட்டாலும் வாய்க்குக் குறைவில்லை. "மூலிகை, மூலிகைன்னு இவுகதான் ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியுதாவ ஐயா. அந்த மூலிகை என் வயித்துல கெடந்து என்ன ஆட்டம் ஆடுதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாவ."

"சும்மா கெட ஏட்டி" என்றார் மாடசாமி. தம்பியை இழந்தவர், மனைவியையும் இழந்துவிடுவோமோ என்று நின்றுகொண்டிருந்தார்.

வேன் ஓட்டுநரிடம், படுத்திருப்பவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொன்னேன். அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"சார், ஊருக்குக் கொண்டு விடத்தான் வண்டி தந்திருக்கேன்" என்றார் முதலாளி.

"நோயாளி இருக்கும் வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒருவரும் இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது."

வண்டி தென்காசிக்குப் போயிற்று. ஓடையில் ஒருவரும் இறங்கக்கூடாது என்று சொல்லி, குடிக்கக் கொதித்த நீர் கொடுக்க ஏற்பாடு செய்தேன். பிறகு சங்கரனை அழைத்துக்கொண்டு, இவர்கள் குடம் முக்கும் இடத்திலிருந்து ஓடையின் போக்கிலேயே மேலே ஏறினேன். நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. லாட்ஜின் பின்மதிலுக்குக் கீழே, காட்டுச்செடி படர்ந்த ஒரு கற்பலகைக்கு அடியில், தண்ணீர் கசியும் குழாய் ஒன்று இருந்தது.

"அது மழத்தண்ணிக் குழாயி சார்" என்றார் பின்னாலேயே வந்திருந்த முதலாளி.

நான் வாதிடவில்லை. சங்கரனிடம் பினாயில் டின்னைக் கொடுத்து, லாட்ஜின் கழிவறைகளில் ஊற்றித் தாராளமாகத் தண்ணீர் விடச் சொன்னேன். குழாயருகே நானும் முதலாளியும் சாரலில் நின்றோம். சற்று நேரத்தில் கற்பலகைக்கு அடியிலிருந்து வெள்ளையாக நீர் வரத் தொடங்கியது. பினாயில் நெடி எழுந்தது. சீசன் கூட்டத்தில் நிரம்பிவிட்ட செப்டிக் டேங்கின் மிகுதி முழுவதும் அந்த வழியாகத்தான் ஓடையில் கலந்துகொண்டிருந்தது.

முதலாளி குடையை மடக்கினார். குரலும் தணிந்தது. "சார், அமைச்சர் கூட வாரவங்களுக்கு இங்கனதான் ரூம் போட்டிருக்கு. தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவர்களும் கழிவறைக்குப் போவார்கள். அதுவும் இந்த ஓடைக்குத்தான் வரும்."

விடுதியை மூடும் அதிகாரம் எனக்கு இல்லை. அதற்கு மேலிடத்து ஆணை வேண்டும். விழா முடியும்வரை அந்த ஆணை வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் குடிக்க எடுக்கும் நீரில் கழிவு கலப்பதை உடனே தடுக்கும் கடமை எனக்கு இருந்தது. உங்களுக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்காதீர்கள்; எடுத்தால், நீங்கள் செய்தது சரியாக இருந்தாலும் அது நிற்காது. இருக்கும் அதிகாரத்தில் ஒரு துளியையும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணல்மூட்டையும் சிமென்ட்டும் கொண்டுவரச் சொன்னேன்.

சங்கரன் தயங்கினார். "ஐயா, கீழ அடைச்சா மேல பொங்கிரும்."

"பொங்கட்டும்."

"ரூம்ல எல்லாம் ஆளு இருக்கு ஐயா."

"காம்பவுண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்."

குழாய் அடைக்கப்பட்டது. பிற்பகலில் லாட்ஜின் கழிவறைகள் பொங்கின. மாலைக்குள் பெட்டி படுக்கையோடு விருந்தினர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். எண்ணெய் வழியும் தலையோடு துண்டு மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற ஒருவர், கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்டுப் போட்ட கூச்சல் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

மேலதிகாரியின் ஜீப் வந்தது. அவர் இறங்கவில்லை, என்னை அருகே அழைத்தார்.

"யாரைக் கேட்டு அடைத்தீர்கள்?"

"பார்த்ததை எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்."

"நாளை மறுநாள் விழா. நீங்கள் படித்தவர். உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இசக்கிமுத்து சாராயத்தில் இறந்தான் என்று எழுதுங்கள், மூட்டையை எடுத்துவிடுங்கள். விழா முடிந்ததும் குழாயை முறைப்படி பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பதவி உயர்வுக்கான கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது."

அந்தப் பதவி உயர்வு எனக்கு முறைப்படி வர வேண்டியது. அதை விரும்பவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மரணத்தின் காரணம், இறந்தவரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிரோடு இருப்பவர்களுக்காக நாம் அடுத்து என்ன செய்வோம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சாராயம் என்று எழுதினால் போலீஸ் வந்து காம்பவுண்டைச் சோதிக்கும். ஓடையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே தண்ணீரை மற்றவர்கள் மறுபடியும் குடிப்பார்கள்.

"மூட்டையை எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் தாருங்கள். உடனே எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

அவர் ஓட்டுநரிடம் போகச் சொன்னார். எழுத்து வரவில்லை, மூட்டையும் எடுக்கப்படவில்லை. அமைச்சரோடு வந்தவர்கள் வேறிடத்தில் தங்கினார்கள். விழா நடந்தது. சாலையின் இருபுறமும் வெள்ளைக் கோடு போடப்பட்டிருந்தது.

இனி, கிணறு. ஓடைக்குப் போவதைத் தடுத்துவிட்டால் மட்டும் மக்கள் கிணற்றுக்குத் திரும்பிவிடமாட்டார்கள். ஊறிக் கிடந்த நீரை முழுவதும் இறைக்கச் செய்தேன். புதிதாக ஊறிய நீருக்குத் தேவையான அளவு மருந்தை நானே கலந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கலந்தால் விடியும்போது வாடை தங்குவதில்லை. காலையில் எல்லாரையும் கூட்டி, முதல் குவளையை அவர்கள் முன்னால் நான் குடித்தேன். மாடசாமி அந்தத் தண்ணீரில் கை கழுவினார். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடமும் நீட்டினார்.

"வாடை இல்ல" என்றார் அவர்.

மாடசாமி கையை இறக்கவில்லை. அப்படியே நீட்டியபடி என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்பிடியே போட்டிருந்தா எந் தம்பி ஓடைக்குப் போயிருக்க மாட்டான்லா ஐயா?"

முற்றத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சங்கரன் தலையைக் குனிந்துகொண்டார். துறையின் மதிப்பைக் காக்கும் பதில்கள் சில எனக்கு அப்போது தோன்றாமல் இல்லை.

"போயிருக்கமாட்டார்" என்றேன்.

மாடசாமி வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தார். அதன் பிறகு அந்தக் காம்பவுண்டில் புதிதாக யாரும் படுக்கவில்லை. பேச்சியம்மாள் பிழைத்து வந்தார். வந்த அன்றே, கஞ்சியில் உப்பில்லை என்று கணவரைக் கடிந்துகொண்டதாகச் சங்கரன் வந்து சொன்னார்.

நீங்கள் எந்த ஊருக்குப் பணிக்குப் போனாலும், மருந்து போட்ட இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மருந்து போட்ட பிறகு மக்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் தன் பிழைப்பு கெடாமல் பின்பற்றக்கூடிய சுகாதாரம்தான் நிலைக்கும். எண்ணெய் தேய்ப்பவருக்குக் கைதான் பிழைப்பு. அந்தக் கையைக் கெடுக்கும் நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அவர் அதைத் தொடமாட்டார்.

சீசன் முடிந்ததும் எனக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போய் வந்தது. இரண்டையும் பற்றி நான் எவரிடமும் முறையிடவில்லை.

ஓய்வு பெற்றபின் தென்காசியில் நடக்கும் துறைக் கூட்டங்களில் இந்த நிகழ்ச்சி பலவாறு சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நான் லாட்ஜுக்குப் பூட்டுப் போட்டேன் என்கிறார்கள். போடவில்லை, ஒரு குழாயை அடைத்தேன். என் உறவினருக்கு அங்கே அறை மறுக்கப்பட்ட கோபம் என்கிறார்கள். என் உறவினர் எவரும் அந்த ஆண்டு குற்றாலத்துக்கு வரவில்லை. அமைச்சர் என்னை அழைத்துப் பாராட்டினார் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அமைச்சருக்கு நான் யார் என்றே தெரியாது.

இசக்கிமுத்து கள்ளச்சாராயம் குடித்து இறந்தார் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது உண்மை அன்று. அவர் வாந்திபேதியால் இறந்தார். லாட்ஜின் கழிவு கலந்த ஓடை நீரைக் குடித்ததால் அது அவருக்கு வந்தது. எங்கள் துறை கிணற்றில் அளவுக்கு மீறி மருந்து போட்டதால் அவர் ஓடைக்குப் போனார்.